மந்திரிசபையைக் கவிழ்த்த மானியப் பணம்!

ஹாலந்து நாட்டில் பெற்றோருக்கு நேர்ந்த அநியாயம்

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

ஹேக் நகரத்துத் தெருவில் ஒரு மனிதர் சைக்கிளில் போய்க் கொண்டிருந்தார். முன்னும் பின்னும் போலீஸ் பட்டாளம் கிடையாது. கார் வரிசை கிடையாது. நல்ல குளிர். அவர் அரண்மனை வாசலில் போய் இறங்கினார்.

அவர்தான் ஹாலந்து நாட்டின் பிரதம மந்திரி மார்க் ருட்டே. அரண்மனைக்குப் போன காரியம், மன்னர் வில்லெம் அலெக்சாண்டரிடம் மந்திரிசபையின் ராஜினாமாவைக் கொடுப்பது!

யுத்தத்தில் தோற்றாரா? இல்லை. கட்சி உடைந்ததா? இல்லை. கஜானா காலியா? அதுவும் இல்லை. ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்று ஹாலந்து. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்களே, அந்த டச்சுக்காரர்களின் நாடு. கணக்கு வழக்கில் கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள்.

அந்தக் கணக்குதான் அவர்களைக் கவிழ்த்துவிட்டது. பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மாருக்கு சர்க்கார் கொடுத்த உதவிப் பணம் ஒரு மந்திரிசபையையே பலி வாங்கிவிட்டது.

திட்டம் நல்ல திட்டம்தான்!

ஹாலந்தில் குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டணம் அதிகம். சாதாரணச் சம்பளக்காரர் தம் கைப்பணத்தில் கட்டி மாளாது. தாய் வேலைக்குப் போனால் சம்பளத்தில் பெரும் பங்கு காப்பகத்துக்கே போய்விடும்.

இதற்குப் பரிகாரமாக 2005-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி சர்க்கார் காப்பகத்துக்கு நேராகப் பணம் கொடுக்காது. பெற்றோரிடம் கொடுக்கும். அவர்கள் தங்கள் பங்கையும் சேர்த்துக் காப்பகத்துக்குக் கட்ட வேண்டும். கையில் பணம் இருந்தால் பெற்றோர் நல்ல காப்பகமாகப் பார்த்துச் சேர்ப்பார்கள், போட்டி வரும், தரம் உயரும் என்று எண்ணினார்கள்.

பணத்தைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு வரி இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டு வாடகை உதவி, வைத்திய இன்ஷூரன்ஸ் உதவி இவையும் அந்த இலாகா தலையிலேயே விழுந்தன. வசூல் செய்தே பழகிய இலாகா, வாரி வழங்கும் இலாகாவாகவும் ஆயிற்று. முதல் கோளாறு இங்கேதான்.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. உதவித் தொகை வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைந்தால் உதவி கூடும். ஆனால் வருஷம் முடியும் முன்பு ஒருவருடைய வருஷ வருமானம் எப்படித் தெரியும்? ஆகவே பெற்றோர் உத்தேசமாக ஒரு தொகை சொல்ல வேண்டும். மாதா மாதம் முன்பணம் வரும். வருஷம் முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

நிரந்தர உத்தியோகம் உள்ளவருக்கு இது சுலபம். ஒரு மாதம் வேலை இருக்கும், மறுமாதம் இருக்காது என்ற நிலையில் உள்ளவர் என்ன செய்வார்? புருஷன் பிரிந்துபோன பெண், வேலை நேரம் மாறிக் கொண்டேயிருக்கும் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி, சில்லறை வேலை செய்யும் தொழிலாளி இவர்களெல்லாம் உத்தேசம் சொன்னால் அது தப்பத்தான் செய்யும். யாருக்கு உதவி மிகவும் தேவையோ, அவர்களே மிகுதியாகத் தவறு செய்யும்படி திட்டம் அமைந்துவிட்டது.

200 யூரோவுக்கு 10,000 யூரோ!

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். (ஒரு யூரோ என்பது நம் ரூபாயில் ஏறக்குறைய 100 என்று வைத்துக் கொள்ளலாம்.)

ஒரு தாய் வருஷத்துக்கு 12,000 யூரோ காப்பகச் செலவு காட்டுகிறாள். சர்க்கார் உதவி 10,000. அவள் கைப்பணம் 2,000. வருஷ முடிவில் ரசீதுகளைப் பார்த்தால், அவள் தன் பங்கில் கட்டியது 1,800 தான். 200 யூரோ குறைகிறது. அல்லது கட்டியிருக்கிறாள், ரசீது இல்லை.

நியாயம் என்ன? அந்த 200 யூரோவுக்கு ஏற்றபடி உதவியைக் கொஞ்சம் குறைக்கலாம். வரி இலாகா செய்தது என்ன? 10,000 யூரோவையும் திருப்பிக் கட்டச் சொன்னது!

"கட்டினால் முழுதும் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காசுக்கும் உரிமை இல்லை" என்பது இலாகா சட்டத்துக்குச் சொன்ன வியாக்கியானம். இரண்டு மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்துக் கேட்டபோது தொகை பல்லாயிரம் யூரோ ஆயிற்று. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பம் அதற்கு எங்கே போகும்?

தவணை கேட்டார்கள். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. "வேண்டுமென்றே செய்தவர், அல்லது மிகுந்த அசட்டையாக இருந்தவர்" என்று ஒருவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதிவிட்டால், அவருக்குத் தவணைச் சலுகை கிடையாது. அந்தக் குறிப்பு தாராளமாக எழுதப்பட்டது. சம்பளத்தில் பிடித்தார்கள். பாங்கிக் கணக்கில் கை வைத்தார்கள். வரவேண்டிய மற்ற உதவிகளையும் நிறுத்திக் கடனில் கழித்தார்கள்.

வாடகை பாக்கி ஏறியது. வீடு போயிற்று. வேலை போயிற்று. தம்பதிகள் பிரிந்தார்கள். திருடன் என்ற பேர் மட்டும் ஒட்டிக் கொண்டது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து...

இவ்வளவு கடுமை எங்கிருந்து வந்தது?

2013-ம் ஆண்டு வசந்த காலத்தில் டச்சு டெலிவிஷனில் ஒரு செய்தி வந்தது. பல்கேரியா நாட்டிலிருந்து சிலர் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி ஹாலந்துக்குக் கொண்டு வந்து, ஏதோ ஒரு விலாசத்தைப் பதிவு செய்து, உதவிப் பணத்துக்கு மனுப்போட்டு, பணத்தை வாங்கிக் கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பதே செய்தி.

நாடே கொதித்தது. "நம் வரிப் பணத்தை அயலான் தின்பதா?" என்று பார்லிமெண்டில் கூச்சல். இலாகாவுக்குப் பொறுப்பான துணை மந்திரி பிரான்ஸ் வேக்கர்ஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, அவர் தப்பிப் பிழைத்தார். மோசடி ஒழிப்புக்கு மந்திரிகள் கமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர், பிரதம மந்திரி ருட்டேயேதான்.

"கொடு, கொடு" என்று சொன்ன அதே வாய்கள் "பிடி, பிடி" என்றன. அதற்காகச் செய்த ஒரு மாற்றத்தில் குளறுபடி ஏற்பட்டு, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. அதனால் வந்த சண்டையில் வேக்கர்ஸ் 2014 ஜனவரியில் பதவி விலகினார். மோசடியைப் பிடிக்கவில்லை என்று ஒரு கண்டனம். பிடிக்கப் போனதால் பணம் வரவில்லை என்று அடுத்த கண்டனம்.

பல்கேரியக் கும்பல் பஸ் ஏறிப் போய்விட்டது. வலையில் விழுந்தவர்கள், போகிற இடமில்லாத உள்நாட்டுப் பெற்றோர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

பெயரைப் பார்த்துச் சந்தேகம்

இன்னொரு கொடுமையும் நடந்தது.

யாருடைய மனுவைத் துருவிப் பார்ப்பது என்று தீர்மானிக்க, இலாகா கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றை வைத்திருந்தது. அது ஒவ்வொரு மனுவுக்கும் சந்தேக மார்க்குப் போடும். மார்க்கு அதிகமானால் மனு குமாஸ்தாவின் மேஜைக்கு வரும். ஏன் வந்தது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியாது. மனுப்போட்டவருக்கும் தெரியாது.

மனுதாரர் டச்சுப் பிரஜையா, இல்லையா என்பதும் அந்த மார்க்குக்கு ஒரு அளவுகோலாக இருந்தது! நாட்டின் அந்தரங்கத் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் இது அம்பலமாயிற்று. இரண்டு நாட்டுப் பிரஜா உரிமை உள்ள சுமார் 14 லட்சம் பேருடைய விவரங்களை, தேவை தீர்ந்த பிறகும் இலாகா தன் ஏடுகளில் வைத்திருந்தது என்றும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். இதற்காக வரி இலாகாவுக்கே 27 லட்சத்து 50 ஆயிரம் யூரோ அபராதம் விழுந்தது. அது 2021 டிசம்பரில்.

இதைத் தவிர ஒரு கறுப்புப் பட்டியல் வேறு. அதில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருடைய பெயர்கள். தங்கள் பெயர் அதில் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலுக்காக 2022-ல் மறுபடியும் 37 லட்சம் யூரோ அபராதம்!

துருக்கி, மொராக்கோ நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், பழைய டச்சுக் காலனிகளான சுரினாம், கரீபியன் தீவுகளைச் சேர்ந்த குடும்பங்களும் ஏராளமாகச் சிக்கிக் கொண்டன. பிறந்து வளர்ந்தது ஹாலந்தில், பேசுவது டச்சு, கட்டுவது டச்சு வரி. ஆனால் பெயர் மட்டும் வேறு மாதிரி! வரி இலாகாவில் நிறவேற்றுமை ஊறிப் போயிருந்தது என்பதை 2022 மே மாதத்தில் சர்க்காரே ஒப்புக் கொள்ள நேர்ந்தது.

ஒரு வக்கீல் கிளம்பினார்

ஐந்தோவன் என்ற ஊரில், குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஆயாக்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. 2014-ல் அதன்மீது இலாகாவுக்குச் சந்தேகம் வந்தது. உடனே அங்கே பிள்ளைகளை விட்டிருந்த சுமார் 300 குடும்பங்களுக்கும் உதவியை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராக விசாரிக்கவில்லை. நிறுவனத்தில் கள்ளன் இருந்தால் அங்கே பிள்ளை விட்டவர்கள் அத்தனை பேரும் கள்ளர்கள்!

அந்த நிறுவனத்தை நடத்தியவரின் மனைவி ஏவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற பெண் வக்கீல். அவர் பெற்றோரின் வழக்குகளைக் கையில் எடுத்தார். காகிதம் கேட்டார், கிடைக்கவில்லை. காரணம் கேட்டார், சொல்லவில்லை. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டினார்.

2017 ஆகஸ்டில், மக்கள் குறைகேட்கும் தேசிய அதிகாரி தம் அறிக்கையை வெளியிட்டார். 232 குடும்பங்களை இலாகா அளவுக்கு மீறி வதைத்துவிட்டது, மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இலாகா அசைந்து கொடுக்கவில்லை.

அதற்கும் சில மாதம் முன்பே, இலாகாவுக்கு உள்ளேயே ஒரு குரல் எழுந்திருக்கிறது. சாண்ட்ரா பால்மென் என்ற சட்ட நிபுணர் 2017 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். ஐந்தோவன் விஷயத்தில் இலாகா செய்தது தப்பு, நஷ்டஈடு கொடுப்பதே முறை என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். பார்லிமெண்டுக்கு அது வந்து சேர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: அதே பால்மென்தான் பிற்பாடு பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் வழங்கும் துணை மந்திரியாக வந்தார்!

கறுப்பு மை பூசிய காகிதங்கள்

பார்லிமெண்டில் இருவர் விடாமல் கேள்வி கேட்டார்கள். ஒருவர் பீட்டர் ஓம்ட்சிக்ட். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். மற்றவர் ரென்ஸ்கே லைட்டன் என்ற அம்மையார். எதிர்க்கட்சியான சோஷலிஸ்டுக் கட்சிக்காரர். கொள்கையில் எலியும் பூனையுமான கட்சிகள். இந்த விஷயத்தில் மட்டும் கைகோத்தார்கள். பத்திரிகையாளர்கள் இருவர் உண்மையைத் துருவித் துருவி வெளியிட்டார்கள்.

பெற்றோர் தங்கள் சொந்தக் கேசுக் கட்டுகளைக் கேட்டார்கள். 2019 கடைசியில் காகிதங்கள் வந்தன. பிரித்துப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மை! வரிகள் அனைத்தும் அழிக்கப்பட்டிருந்தன. தன் குடும்பம் எதற்காக அழிந்தது என்று கேட்ட தாய்க்குக் கிடைத்த பதில் ஒரு கறுப்புத் தாள். அந்தத் தாள்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தபோதுதான், மற்ற ஜனங்களுக்கும் விஷயத்தின் விகாரம் உறைத்தது.

2019 டிசம்பர் 18-ந் தேதி துணை மந்திரி மென்னோ ஸ்னெல் ராஜினாமா செய்தார்.

கோர்ட்டு என்ன செய்தது?

"அநியாயம் நடந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே!" என்று கேட்கத் தோன்றும். போனார்கள். அங்கேயும் தோற்றார்கள்.

இத்தகைய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல், ராஜாங்க ஆலோசனை சபை என்ற புராதன ஸ்தாபனத்தின் நீதிப் பிரிவு. "முழுதும் அல்லது ஒன்றுமில்லை" என்ற இலாகாவின் வியாக்கியானத்தை அந்த நீதிபதிகள் வருஷக் கணக்கில் ஏற்றுக் கொண்டார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். பார்லிமெண்டு போட்ட சட்டம் அரசியல் சட்டத்துக்கு ஒத்ததா என்று பார்க்க ஹாலந்தில் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை. அரசியல் சட்டத்தின் 120-வது ஷரத்து அதைத் தடுக்கிறது.

2019 அக்டோபரில் அந்த நீதிபதிகளே தங்கள் தீர்ப்பை மாற்றினார்கள். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்றபடிதான் வசூல் செய்ய வேண்டும் என்றார்கள். இந்த மாற்றத்துக்காகச் சட்டத்தில் ஒரு வரியும் திருத்தப்படவில்லை. சட்டம் அதேதான். அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. அப்படியானால் முன்பே இந்த அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாமே? இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லத் தோன்றியது நீதிபதிகளுக்குத்தான். கடுமையான வழியை அளவுக்கு மீறிய காலம் பின்பற்றிவிட்டோம் என்று 2021 நவம்பரில் அவர்கள் பகிரங்கமாக ஒப்புக் கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள்.

பார்லிமெண்டு விசாரணை

2020 நவம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று மந்திரிகளையும் அதிகாரிகளையும் சத்தியப் பிரமாணம் செய்வித்து விசாரித்தது. "எனக்குத் தெரியாது", "என் மேஜைக்கு வரவில்லை", "நினைவில்லை" இவைதான் அடிக்கடி கேட்ட பதில்கள். மந்திரி அதிகாரியைக் காட்டினார். அதிகாரி சட்டத்தைக் காட்டினார். சட்டம் செய்தவர்கள் எதிரே உட்கார்ந்து விசாரித்துக் கொண்டிருந்தார்கள்!

டிசம்பர் 17-ந் தேதி அறிக்கை வந்தது. "இதுவரை கண்டறியாத அநீதி" என்பது அதன் தலைப்பு. சட்ட ஆட்சியின் அடிப்படைத் தர்மங்களே மீறப்பட்டன என்று அது கூறியது. மந்திரிகள், அதிகாரிகள், நீதிபதிகள், பார்லிமெண்டு ஆகிய யாரையும் அது விட்டுவைக்கவில்லை.

அடுத்த மாதம் சீட்டுக்கட்டு சரிந்தது. எதிர்க்கட்சியான தொழிற் கட்சியின் தலைவர் லோடேவைக் அஷர், முந்திய மந்திரிசபையில் சமூக நல மந்திரியாக இருந்தவர். ஜனவரி 14-ந் தேதி தலைமைப் பதவியை விட்டார். மறுநாள் மந்திரிசபை முழுவதும் ராஜினாமா. பொருளாதார மந்திரி எரிக் வீபெஸ் முன்பு வரி இலாகாவுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்.

இலாகாமீது கிரிமினல் வழக்கு உண்டா? கிடையாது. ராஜாங்க ஸ்தாபனத்தின்மீது அப்படி வழக்குத் தொடர முடியாது என்று சர்க்கார் வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். 200 யூரோவுக்கு ரசீது இல்லாதவருக்குத் தண்டனை உண்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலைத்தவர்களுக்கு இல்லை.

விழுந்தவர் மறுபடியும் எழுந்தார்

இனிமேல் வருவதுதான் அரசியல் வேடிக்கை.

இரண்டே மாதத்தில், 2021 மார்ச்சில், பொதுத் தேர்தல். ருட்டேயின் கட்சிக்கு என்ன ஆயிற்று? 150 ஸ்தானங்களில் 34 பிடித்து முதலாவதாக வந்தது!

ஜனங்களுக்கு மனச்சாட்சி இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அப்போது கொரோனா நோய் உலகத்தை ஆட்டிக் கொண்டிருந்தது. பழகிய மாலுமியை நடுக்கடலில் மாற்றப் பலர் தயங்கினார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் குற்றத்துக்கு ஒரு கட்சியைக் கைகாட்ட முடியவில்லை. கடுமை வேண்டும் என்று 2013-ல் கூச்சலிட்டதில் வலதுசாரியும் உண்டு, இடதுசாரியும் உண்டு. ஆண்ட கட்சியும் குற்றவாளி, அதற்குப் போட்டியான கட்சியும் குற்றவாளி என்றால், வாக்காளர் தண்டனையை யாருக்கு எழுதுவார்?

ஆனால் உள்ளே புண் ஆறவில்லை. தேர்தல் முடிந்து கூட்டணிப் பேச்சு நடக்கையில் ஒரு அம்மையார் கையில் பிடித்திருந்த குறிப்புத் தாளைப் புகைப்படக்காரர்கள் படம் பிடித்துவிட்டார்கள். "ஓம்ட்சிக்ட்: வேறு இடத்தில் பதவி" என்று அதில் எழுதியிருந்தது! கேள்வி கேட்ட மனிதரை மெல்ல நகர்த்தப் பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் எண்ணினார்கள். ருட்டே முதலில், அப்படிப் பேசவில்லை என்றார். பேசியதற்கு ரிக்கார்டு இருந்தது. ஏப்ரல் மாதம் பார்லிமெண்டு அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது; நம்பிக்கையில்லாத் தீர்மானம் மட்டும் தோற்றது. புதிய மந்திரிசபை அமையத் தேர்தலிலிருந்து 299 நாள் ஆயிற்று. டச்சு சரித்திரத்தில் அதுவரை அவ்வளவு நாள் ஆனதில்லை.

கோபம் போன வழி

ஓம்ட்சிக்ட் தம் கட்சியை விட்டு வெளியேறினார். 2023 ஆகஸ்டில் சொந்தக் கட்சி தொடங்கினார். சர்க்கார் நேர்மையாக நடக்க வேண்டும், பிரஜைக்கு அதனிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதே அவருடைய கோஷம். தொடங்கிய மூன்றே மாதத்தில் தேர்தல். 20 ஸ்தானங்கள் கிடைத்தன!

அதே தேர்தலில் 37 ஸ்தானங்களோடு முதலாவதாக வந்தது யார்? குடியேறி வந்தவர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்யும் கீர்ட் வில்டர்ஸின் கட்சி! மானிய விவகாரத்தில் அதிகமாக அடிபட்டவர்கள் குடியேறிய குடும்பங்கள். சர்க்காரின்மீது நம்பிக்கை போன ஜனங்களில் பெரும் பகுதியோ, அந்தக் குடும்பங்களுக்கு விரோதமான கட்சியிடம் போய்ச் சேர்ந்தார்கள். குடியேற்றம், வீட்டுப் பஞ்சம், விலைவாசி என்று வேறு காரணங்களும் அதற்கு உண்டு. ஆனாலும் "ஹேக் நகரத்துப் பெரியவர்கள் நம்மை மதிப்பதில்லை" என்ற எண்ணத்துக்கு இந்த விவகாரம் நல்ல எரு போட்டது. நம்பிக்கை குலைந்தால் அது நியாயம் கேட்டவரைத்தான் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. உரக்கச் சத்தம் போடுகிறவரிடமும் போகும்.

ஓம்ட்சிக்டின் கட்சி வில்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சியில் புகுந்தது. அதோடு அதன் மவுசு போயிற்று. அவரும் 2025 ஏப்ரலில் அரசியலை விட்டு விலகினார். அக்டோபர் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு ஸ்தானம்கூடக் கிடைக்கவில்லை. 20-லிருந்து பூஜ்யம்! ருட்டேயோ 2024 அக்டோபர் முதல் தேதி, வட அட்லாண்டிக் ராணுவக் கூட்டான நேட்டோவின் பிரதம காரியதரிசியாகப் பதவி ஏற்றார். மந்திரிசபை கவிழ்ந்தது அவருக்குப் படிக்கட்டு ஆகிவிட்டது. கேள்வி கேட்டவர் வீட்டில் உட்கார்ந்தார்.

நிவாரணமும் அதே கதை

பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஆளுக்கு 30,000 யூரோ உடனே கொடுப்பது என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. சர்க்கார் பாக்கிகள் தள்ளுபடி. தனியாருக்கு இருந்த கடன்களையும் சர்க்கார் ஏற்றது. அதற்கு மேல் நஷ்டம் காட்டுகிறவர்களுக்கு மேலும் பணம்.

முதலில் சுமார் 26,000 குடும்பங்கள் என்று மதிப்பிட்டார்கள். மனுப்போட்டவர்களோ 70,000 பேரை நெருங்கினார்கள். 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒப்புக் கொள்ளப்பட்டார்கள். செலவு 500 கோடி யூரோவைத் தாண்டிப் போயிற்று. மோசடியில் மிச்சம் பிடிக்க நினைத்த தொகைக்கு இதில் எத்தனை மடங்கு!

ஆனால் நிவாரணத்துக்கும் மனு, அத்தாட்சி, ரசீது, விசாரணை, காத்திருத்தல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! முன்பு கடனை நிரூபிக்க வருஷக் கணக்கில் அலைந்தவர்கள், பிறகு கஷ்டத்தை நிரூபிக்க வருஷக் கணக்கில் அலைந்தார்கள்.

பணத்தால் திருப்ப முடியாத ஒரு நஷ்டமும் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து 2015 முதல் 2020 வரை 1,115 குழந்தைகள் வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டு வேறு பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகா 2021-ல் கணக்குச் சொன்னது. மானிய விவகாரம்தான் இதற்கு நேர்க் காரணமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் காப்பக உதவி என்பதே குழந்தையின் நன்மைக்காக வந்தது. அந்த உதவி வாங்கிய வீடுகளில் 1,115 தொட்டில்கள் காலியாயின என்பதை எந்தக் கமிட்டியும் மறைத்துவிட முடியாது.

பாடம் என்ன?

இனிப் பெற்றோரை இழுக்காமல், காப்பகத்துக்கே நேராகப் பணம் கொடுத்துவிடலாம் என்று ஹாலந்தில் எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள். 2005-ல் வேண்டாம் என்று தள்ளிய வழிதான் அது! 2025-ல் தொடங்குவதாகச் சொன்னார்கள். பிறகு 2027 என்றார்கள். பிறகு அதுவும் தள்ளிப் போயிற்று. பழைய ஏற்பாடே ஓடிக் கொண்டிருக்கிறது. தாய்மார்கள் இன்றும் உத்தேச வருமானம் எழுதிக் கொடுத்துவிட்டு, வருஷ முடிவில் என்ன கடிதம் வருமோ என்று காத்திருக்கிறார்கள்.

ஏமாற்றுக்காரன் எந்த நாட்டில்தான் இல்லை? அவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் தப்புவதற்கு முன்பே வழி பார்த்து வைத்திருக்கிறான். விதி கடுமையாக ஆக ஆக, வழி தெரியாதவர்கள்தான் அகப்படுகிறார்கள். தவறுக்கும் மோசடிக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு அதிகாரிக்கு அதிகாரமும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். ஹாலந்தில் அந்தத் துணிச்சலோடு ஒரு அம்மையார் ஒரு குறிப்பு எழுதினார். அதை 2017-லேயே யாராவது ஒரு மேலதிகாரி படித்து, "ஆம், தப்புத்தான்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால், 300 குடும்பங்களோடு விஷயம் முடிந்திருக்கும். பிரதம மந்திரியும் அந்த ஜனவரிக் குளிரில் சைக்கிள் மிதித்து அரண்மனைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.